அலை தடுமாறினால் எந்தச் சாவி கதவைத் திறக்கும்?

திருச்சியில் இருக்கும் அக்கா புதுக் கார் வாங்கப் போகிறாள். மாடல் முடிவாகிவிட்டது, நிறம்கூட முடிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது வேரியன்ட் மட்டும்தான். நடு வேரியன்ட்டில் பட்டன் வைத்த மடக்கு சாவி. பூட்ட ஒன்று, திறக்க ஒன்று, டிக்கிக்கு ஒன்று என்று மூன்று பட்டன், அப்புறம் தட்டினால் விரியும் இரும்புச் சாவி. டாப் வேரியன்ட்டில் ஸ்மார்ட் சாவி. அதைப் பையை விட்டு எடுக்கவே வேண்டாம். கதவுப் பிடியைத் தொட்டால் திறக்கும், பட்டனை அமுக்கினால் இன்ஜின் ஓடும். போனிலிருந்தே கதவைத் திறக்கும் செயலியும் கூடவே வருகிறது. “நீதான்டா அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில மாட்டிக்கிட்டு முழிச்சே. எதை எடுக்கலாம்னு நீயே சொல்லு” என்றாள்.

போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. இதே கேள்வியோடு ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்த ராத்திரி. அம்மாவுக்கு டயாலிசிஸ் முடிந்து கீழே வரும்போது மணி பதினொன்றரை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரியின் தரைக்கீழ் பார்க்கிங்குக்கு வந்தோம். என் காருக்கு ஸ்மார்ட் சாவிதான். பிடியில் கை வைத்தேன், திறக்கவில்லை. சாவியிலிருக்கும் பட்டனை அமுக்கினேன். சாவியின் சின்னச் சிவப்பு விளக்கு மின்னியது, காரில் ஒரு அசைவும் இல்லை. வாட்ச்மேன் பார்த்துவிட்டு வந்தார். “சார், இந்த மூலையில நிறுத்துனா ரெண்டு நாளா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது. சாவியைக் கண்ணாடியோட ஒட்டி வெச்சு அமுக்கிப் பாருங்க” என்றார். வைத்து அமுக்கினேன். டக்கென்று திறந்தது.

உள்ளே உட்கார்ந்ததும் அடுத்த சிக்கல். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் டேஷ்போர்டில் ‘சாவி இல்லை’ என்று வருகிறது. சாவியோ என் கண்ணெதிரே, கியருக்கு முன்னால் இருக்கும் தட்டில் கிடக்கிறது. பக்கத்தில் போன். போனின் முதுகில் வயர்லெஸ் பவர் பேங்க் ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அம்மா பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். எனக்கு ஏனென்று தெரியாமலே சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினேன். வண்டி ஓடியது.

அடுத்த தடவை போனபோது வாட்ச்மேனே காரணத்தைச் சொன்னார். பார்க்கிங் பூத்தின் சுவரில் கேட்டைத் திறக்கும் வயர்லெஸ் பட்டன் ஒன்று இருக்கிறது, கரன்ட்டில் ஓடுவது. ரசீதுப் புத்தகம் தொங்கவிட்டிருந்த கிளிப் அதன்மேல் அழுந்தி, பட்டன் உள்ளே போனது போனதுதான், வெளியே வரவில்லை. இரண்டு நாளும் அது விடாமல் அலையைப் பரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டும் தகராறு செய்ததால் கையாலேயே தூக்கி இறக்கியிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் வந்து கிளிப்பை நகர்த்தியதும் கேட்டும் சரியானது, அந்த மூலையில் நின்ற கார்களும் சரியாயின.

ஆக ஒரே ராத்திரியில் ஒரே சாவி என்னை இரண்டு முறை கைவிட்டது, இரண்டு முறையும் வேறு வேறு காரணத்தால். அது புரிந்த பிறகுதான் எனக்குச் சாவிகளை ஒப்பிடவே தெரிந்தது.

பட்டனை அமுக்கும்போது சாவியிலிருந்து கிளம்பும் அலை இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315. இந்த 433ஐ ஒட்டிய பட்டையில் 10 மில்லிவாட் வரை சக்தியுள்ள சின்னக் கருவிகளுக்கு இங்கே உரிமம் தேவையில்லை. அதனால் வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட், பைக் அலாரம், டயரில் காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் என்று எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன. உரிமம் வேண்டாத இடத்துக்குப் பாதுகாப்பும் கிடையாது. சட்டப்படி நடக்கும் இன்னொரு கருவியால் உங்கள் சாவிக்குத் தொந்தரவு என்றால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தொந்தரவு எப்படி இருக்கும் என்றால், திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கிக்கு அடியில் நிற்பவரைத் தெருமுனையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது போல. கூப்பிடுகிறவர் குரலிலும் குறையில்லை, நிற்பவர் காதிலும் குறையில்லை. கிட்டே போய்ச் சொன்னால் கேட்டுவிடும். தூரம் பாதியானால் சாவியின் அலை ஏறக்குறைய நாலு மடங்கு பலத்தோடு போய்ச் சேரும். வாட்ச்மேன் சொன்ன வைத்தியம் அதுதான்.

2019இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லேண்டை ஒட்டிய நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில் சில தெருக்களில் மட்டும் வாரக்கணக்கில் கார் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வேலை செய்யவில்லை. மின்வாரியம், தொலைபேசி நிறுவனம் என்று ஒவ்வொருவராக வந்து தேடினார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு வீட்டுக்காரர் தனக்காகச் செய்து வைத்திருந்த சின்னக் கருவி. அவர் நிலவறையில் வேலை செய்யும்போது மேலே யாராவது நடமாடினால் தெரிவதற்காகச் செய்தது. அது 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அலையை விட்டுக்கொண்டிருந்தது. தன்னால்தான் ஊரே தவிக்கிறது என்று அவருக்கே தெரியாது. என் ஆஸ்பத்திரிப் பார்க்கிங்கும் அந்த ஊரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்: பெரிய டவரோ, மர்மமோ தேவையில்லை, நிறுத்தாமல் பேசும் ஒரு சின்னக் கருவி போதும்.

சரி, வண்டிக்குள் நடந்த இரண்டாவது கோளாறு? ஸ்மார்ட் சாவிக்குக் கூடுதலாக ஒரு படி இருக்கிறது. பிடியைத் தொட்டதும், அல்லது ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும், கார் 125 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு காந்த அலையை விட்டு, பக்கத்தில் சாவி இருக்கிறதா என்று கேட்கும். சில கார்களில் இது 134. சாவி அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, தன் பதிலை 433இல் அனுப்பும். அந்தக் கேள்வி வேண்டுமென்றே கொஞ்ச தூரம் மட்டும் போகும்படி வைத்தது. பல கார்களில் பிடியிலிருந்து 70 செ.மீ. தூரம், அவ்வளவுதான். இந்தக் காந்தப்புலம் தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காக இறங்கிவிடும் என்பதால்தான் அப்படி எல்லை கட்ட முடிகிறது.

பல வயர்லெஸ் சார்ஜர்கள் வேலை செய்வதும் ஏறக்குறைய 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸுக்குள்தான். சாவியை ஒட்டியே ஒன்று கிடந்தால் கார் கேட்கும் கேள்வி சாவியின் காதில் விழாமல் போகலாம். கதவைத் திறந்து மூடும்போது காரிலிருக்கும் வயர்லெஸ் சார்ஜிங் ஒரு நொடி நின்று தொடர்வதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். சார்ஜர் கெட்டுப்போகவில்லை. சாவியைத் தேடுவதற்காகக் காரே அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறது.

இப்போது ஒவ்வொரு சாவியாகப் பார்க்கலாம்.

பேஸ் வேரியன்ட்டில் வரும் வெறும் சாவியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அதிலும் ரேடியோ இருக்கிறது. சாவி செய்கிறவர்கள் ‘சிப் சாவி’ என்பார்கள். தலைப்பக்கக் கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் விரல் நகத்தைவிடச் சின்ன சிப் ஒன்று. சாவித் துவாரத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள் ஒன்று. சாவியைத் திருப்பும்போது சுருள்தான் சிப்புக்கு மின்சாரத்தையும் கொடுத்து அடையாளத்தையும் கேட்கிறது. சாவிக்குள் பேட்டரியே கிடையாது. இரண்டுக்கும் நடுவே சில செ.மீ. மட்டும். அந்த இடைவெளியில் வெளி இரைச்சல் நுழைவது அபூர்வம். ஒரு விதிவிலக்கு உண்டு: இன்னொரு காரின் சிப் சாவியை அதே வளையத்தில் கோத்திருந்தால் இரண்டு சிப்பும் சேர்ந்து பதில் சொல்லி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வீட்டில் இரண்டு கார் இருந்தால் சாவிகளைத் தனித்தனியாகவே மாட்டுங்கள். நம்பகம் என்று மட்டும் பார்த்தால் இந்தச் சாவிக்குத்தான் முதலிடம். ஆனால் கையில் குழந்தையும் மழையுமாக நிற்கும்போது துவாரத்தைத் தேடுவது எவ்வளவு பாடு என்று அக்காவுக்கே தெரியும்.

நடு வேரியன்ட்டின் மடக்கு சாவி இதன்மேல் ஒரே ஒரு ரேடியோவைத்தான் சேர்க்கிறது: கதவுக்கு 433. இன்ஜினுக்கு அதே பழைய சிப். இதை நான் பெரிதாக நினைக்கிறேன். கதவுக்கான அலை மொத்தமாகச் செத்துப்போனாலும், பேட்டரி தீர்ந்தாலும், காரின் பேட்டரியே இறங்கிவிட்டாலும், கையில் இருப்பதை விரித்துத் துவாரத்தில் விட்டுத் திருப்பினால் கதவு திறக்கும். பிறகு, காரின் பேட்டரியில் உயிர் இருந்தால், அதே சாவியை ஸ்டியரிங் பக்கம் போட்டுத் திருப்ப வேண்டியதுதான். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் பூட்டிய காரை இரும்புச் சாவியால் திறந்தால் சில கார்களில் அலாரம் அலறும். சாவியைப் போட்டு ஆன் நிலைக்குத் திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்தச் சாவி சண்டித்தனம் செய்தால் பாதி நேரம் காரணம் இரைச்சலாக இருக்காது. ஒன்று பேட்டரி. சிஆர்2032 என்று எழுதியிருக்கும் பட்டன் செல் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். முழுதாகச் சாவதற்கு முன்பே தூரம் சுருங்கத் தொடங்கும். நேற்று இருபது அடியிலிருந்து திறந்தது இன்று ஐந்தடிக்கு வர வேண்டியிருக்கும். புதிது போட்டும் வேலை செய்யவில்லை என்றால் செல்லின் தட்டைப் பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். குழந்தைகள் வாயில் போடாமல் இருக்கச் சில கம்பெனிகள் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள். அந்தப் பூச்சு சில சாவிகளில் மின்தொடர்பைத் தடுத்துவிடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். இன்னொரு காரணம், பிள்ளைகள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் சாவி புதுக் குறியீடு அனுப்பும், காரும் கூடவே எண்ணிக்கொண்டு வரும். காருக்கு எட்டாத இடத்தில் பிள்ளை உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தால் சாவி முன்னே போய்விடும். பரவலாக இருக்கும் ஒரு வகையில் 16 அமுக்கல் வரை கார் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் காருக்குப் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால் இரண்டும் மறுபடி ஒத்துப்போகும்.

ஸ்மார்ட் சாவிக்கு வருகிறேன். அதன் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மாவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் கதவைத் தொட்டுத் திறக்க முடிவது எனக்கு வாரத்தில் மூன்று நாள் உதவுகிறது. ஆனால் அங்கே கார் கேட்பது ஒரு அலையில், சாவி பதில் சொல்வது வேறு அலையில். இரண்டில் எது தடுமாறினாலும் கதவு திறக்காது. கதவு மட்டுமில்லை, இன்ஜினுக்கும் அதே கேள்வி, அதே பதில். மடக்கு சாவியில் தனித்தனியாக இருந்த கதவு வழியும் இன்ஜின் வழியும் இங்கே ஒரே பாலத்தின்மேல் போகின்றன.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஸ்மார்ட் சாவியின் பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தானை நகர்த்தினால் உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி வெளியே வரும். டிரைவர் கதவின் பிடியில், சில கார்களில் ஒரு மூடிக்கு அடியில், துவாரம் ஒளிந்திருக்கும். பேட்டரியே இல்லாத ஸ்மார்ட் சாவிக்குள்ளும் பழைய சிப் மாதிரியே ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனோடு சாவியை ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பல கார்கள் ஓடும். சில கார்களில் அந்த இடம் கப் ஹோல்டரிலோ ஸ்டியரிங் தண்டிலோ இருக்கும். எல்லாம் சரி, ஆனால் இது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? மூன்று வருடம் ஓட்டிய எனக்கே அன்று தெரியாது. மாமாவுக்கும் டிரைவராக வரும் தம்பிக்கும் சொல்லித்தர வேண்டும். தெரியாதவர் கையில் இருக்கும் மாற்று வழி இல்லாததற்குச் சமம்.

அப்புறம் பேட்டரி. ஸ்மார்ட் சாவி எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருப்பது. காருக்கு ஓரடியில் உள்ள சுவரில் ஆணியடித்து மாட்டினால் இரண்டும் திரும்பத் திரும்பப் பேசிப் பேட்டரியைத் தின்றுவிடும். டிவி, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாலும் அதே கதை.

திருட்டுக் கணக்கிலும் இது கொஞ்சம் பின்தங்குகிறது. 2011இல் சூரிக்கில் உள்ள இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டுக் கம்பெனிகளின் பத்து மாடல்களை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும் வெளியே நிற்கும் காருக்கும் நடுவே அலையைக் கடத்திக் காட்டினார்கள். பத்துமே திறந்தன, ஓடின. காரின் கேள்வியை ஒருவன் வாங்கி, சாவிக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொருவனுக்கு அனுப்பினால் போதும்; குறியீட்டை உடைக்க வேண்டியதே இல்லை. அமுக்காமல் வாய் திறக்காத பட்டன் சாவிக்கு இந்த ஆபத்து கிடையாது. புதுச் சாவிகள் சில, அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும். ஃபோர்டு 2019இல் ஐரோப்பாவில் அப்படிக் கொண்டுவந்தது. வாங்கும் காரில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இரவில் சாவியை மூடிபோட்ட உலோக டப்பாவில் வைக்கலாம். எல்லா டப்பாவும் தடுக்காது. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கார் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திறக்காவிட்டால் மட்டும் அதை நம்புங்கள்.

போன் சாவி என்று ஷோரூமில் ஒரே பேரில் சொல்வது உண்மையில் மூன்று நான்கு வகை. செயலியைத் தொட்டதும் கட்டளை இணையத்தில் போய், கம்பெனி சர்வரைத் தொட்டு, காரிலிருக்கும் சிம்முக்கு வருவது ஒன்று. தரைக்கீழ் பார்க்கிங்கில் சிக்னல் இல்லையென்றால் அதோடு முடிந்தது. சர்வர் படுத்தாலும் முடிந்தது. 2021 நவம்பரில் டெஸ்லாவின் செயலி சேவை முடங்கியபோது அதை மட்டுமே நம்பியிருந்த சிலர் காருக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. புளூடூத் வகை வைஃபையோடு 2.4 கிகாஹெர்ட்ஸைப் பகிர்ந்துகொண்டாலும், அலைவரிசை மாற்றி மாற்றித் தாவுவதால் இரைச்சலைச் சமாளித்துவிடும். கதவுப் பிடியில் போனையோ அட்டையையோ ஒட்டிக் காட்டும் என்எஃப்சி வகைக்குத் தூரமே சில செ.மீ. என்பதால் இரைச்சல் பயம் கிட்டத்தட்ட இல்லை. ஐபோனில் சார்ஜ் தீர்ந்த பிறகும் ஐந்து மணி நேரம் வரை இந்தச் சாவி வேலை செய்யும் என்று ஆப்பிள் சொல்கிறது.

எல்லாவற்றிலும் எனக்கு மதிப்பு வருவது அல்ட்ரா வைடுபேண்ட் வகையின்மேல். 2021இல் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் காரோடு வந்தது. அலை எவ்வளவு பலமாக வருகிறது என்று பார்க்காமல், போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. ஒரு நானோ நொடியில் அலை போகும் தூரம் 30 செ.மீ. நடுவில் ஒருவன் அலையைக் கடத்தினால் நேரம் கூடிவிடும், கார் கண்டுபிடித்துவிடும். ஆனால் அக்காவின் பட்ஜெட்டில் உள்ள கார்களுக்கு இது இன்னும் வரவில்லை. அவள் பார்த்திருக்கும் காரில் இருப்பது இணையத்தில் ஓடும் செயலி மட்டும். அதைச் சாவி என்று நான் எண்ணமாட்டேன். காரைப் பூட்டினோமா என்று ஆபீசிலிருந்து பார்த்துக்கொள்ள உதவும், அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பேஸ் வேரியன்ட் எடுத்துவிட்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உள்ளூர் ஆக்சஸரீஸ் கடையிலோ ரிமோட் சென்ட்ரல் லாக் போட்டுக்கொள்ளலாமே என்று மாமா கேட்டார். போடலாம், காசு மிச்சம்தான். ஆனால் மலிவானவற்றில் பல, ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்புபவை; ஒரு முறை பதிவு செய்தவன் எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம். ரிசீவரும் சாதாரணமானது, பக்கத்து இரைச்சலையும் சேர்த்தே உள்ளே விடும். மாறும் குறியீடு உள்ளதா என்று கேட்டு, பதில் தெளிவாக வந்தால் மட்டும் போடுங்கள்.

இதுவரை கதவு திறக்காததைப் பற்றியே பேசினேன். எனக்கு அதைவிடக் கவலை கதவு பூட்டாததைப் பற்றி. திறக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். நாம் அங்கேயே நிற்கிறோம், ஏதாவது செய்வோம். பூட்டாவிட்டால் தெரியாது. நடந்துகொண்டே தோளுக்குப் பின்னால் சாவியை நீட்டி அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். தென்னாப்பிரிக்காவில் இதை வைத்தே திருடுகிறார்கள். பார்க்கிங்கில் நிற்பவன் நீங்கள் பூட்டும் நேரம் பார்த்து ஒரு ரிமோட்டை அமுக்கிப் பிடித்துக்கொள்வான், உங்கள் அலை காருக்குப் போய்ச் சேராது, நீங்கள் போன பிறகு கதவைச் சாதாரணமாகத் திறந்து பையை எடுத்துக்கொள்வான். பூட்டியதும் கதவை இழுத்துப் பாருங்கள் என்று அந்நாட்டுக் காவல்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. 2015இல் சாமி கம்கர் என்பவர் இன்னொரு படி மேலே போய்க் காட்டினார். அவர் செய்த சின்னக் கருவி உங்கள் அமுக்கலைக் காருக்குப் போகவிடாமல் தடுத்து, தானே பதிவு செய்து வைத்துக்கொள்ளும். நீங்கள் மறுபடி அமுக்கும்போது அதையும் பிடித்து வைத்துக்கொண்டு முதல் குறியீட்டைக் காருக்கு விடும். கதவு வேலை செய்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள், இன்னும் பயன்படுத்தாத ஒரு குறியீடு திருடன் கையில் இருக்கும். இந்தியாவில் இப்படி அலையைத் தடுக்கும் ஜாமர் வைத்திருக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும், தனியார் வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆனால் ஆஸ்பத்திரியின் அழுந்திய பட்டனுக்கு அந்தச் சட்டம் தெரியாது, அன்று அந்த மூலையில் அமுக்கிவிட்டுப் போன எத்தனை பேர் கார் பூட்டாமலே நின்றதோ.

எந்தச் சாவியாக இருந்தாலும் சரி, பூட்டும்போது நின்று பூட்டுங்கள். டக் சத்தம் காதில் விழ வேண்டும், இண்டிகேட்டர் மின்ன வேண்டும், கண்ணாடி மடங்கும் காராக இருந்தால் அது மடங்க வேண்டும். மடக்கு சாவிக்காரர்கள் பிடியை ஒரு முறை இழுத்தும் பார்க்கலாம். தொட்டால் திறக்கும் ஸ்மார்ட் சாவியில் பெரும்பாலும் அதற்கு வழியில்லை, சாவி பையில் இருப்பதால் இழுத்தால் திறந்துகொள்ளும்! அவர்கள் கண்ணையும் காதையும்தான் நம்ப வேண்டும். இதுவும் மடக்கு சாவிக்கு ஒரு புள்ளி கூடுதல்.

ஆக அக்காவுக்கு என் பதில் மடக்கு சாவி. சாவிக்காக மட்டும் டாப் வேரியன்ட்டுக்குப் போக வேண்டாம். தொலைந்தால் ஸ்மார்ட் சாவிக்குப் பல ஆயிரம் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். முட்டிவலியோ, கைக்குழந்தையோ, என்னைப் போல நோயாளியை அழைத்துப் போகும் வேலையோ உள்ளவர்களுக்கு மட்டும் வேறு பதில். அவர்களுக்கு ஸ்மார்ட் சாவியின் சுகம் தினமும் கிடைக்கும், கோளாறு எப்போதோ ஒரு நாள் வரும். அந்த ஒரு நாளுக்குத் தயாராக இருந்தால் போதும்.

எதை எடுப்பதானாலும் ஒரு காரியம் செய்யுங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை ஷோரூமைச் சுற்றி ஓட்டிவிட்டு இறங்கிவிடாமல், உங்கள் வீட்டுப் பார்க்கிங்குக்கே கொண்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் நிறுத்தும் அதே இடத்தில், இன்ஜினை அணைத்து, பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். டிவி டவர், விமான நிலையம், பெட்ரோல் பங்க், பெரிய எல்இடி திரை இவற்றுக்குப் பக்கத்தில் சாவி தடுமாறலாம் என்று கார்களோடு வரும் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. அப்பார்ட்மென்ட்டின் கேட் ரிமோட்டும் லிஃப்ட் பக்கத்துக் கருவிகளும் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அங்கேயே சோதித்தால்தான் தெரியும்.

அக்கா கடைசியில் டாப் வேரியன்ட்தான் எடுத்தாள். சாவிக்காக இல்லை, ஆட்டோமேட்டிக் கியர் அதில் மட்டும்தான் வந்தது, இடது முட்டியை வைத்துக்கொண்டு அவளால் கிளட்ச் மிதிக்க முடியாது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டெலிவரி அன்று நானும் போயிருந்தேன். மாலை போட்டு, போட்டோ எடுத்து, இனிப்பு கொடுத்த பிறகு ஷோரூம் பையன் இரண்டு சாவியையும் ஒரு பெட்டியில் வைத்து நீட்டினான். அக்கா வாங்கவில்லை.

“தம்பி, இதுல இருக்கிற பேட்டரியைக் கழட்டிடுங்க. கழட்டிட்டு கதவைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க.”

அவனுக்கு இரும்புச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. துவாரத்தைத்தான் தேடினான். பிடியைத் தடவினான், குனிந்து பார்த்தான், உள்ளே போய் சீனியர் ஒருவரை அழைத்து வந்தான். அவர் பிடியின் ஓரத்து மூடியைச் சாவி நுனியால் நெம்பி எடுத்தார். கதவு திறந்தது, அலாரம் அலறியது, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கியதும் அலாரம் நின்று இன்ஜின் ஓடியது. பையன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனிடமிருந்து பட்டன் செல்லை வாங்கித் தன் கையாலேயே உள்ளே போட்டு மூடினாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, “இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க” என்றாள்.